ஆற்றுக்கு அடியில் என்ன இருக்கிறது?
பாலம் கட்டுமுன் மண்ணைச் சோதிக்கும் முறைகள்

கோடை விடுமுறையில் ஷாலிமாரிலிருந்து கோரமண்டல் எக்ஸ்பிரஸில் ஊருக்குப் போகும் நம் குடும்பங்கள் கட்டாக் அருகே மகாநதியையும், ராஜமுந்திரியில் கோதாவரியையும், விஜயவாடாவில் கிருஷ்ணாவையும் கடக்கின்றன. ஜன்னல் வழியே காசு போட்டுக் கும்பிடுகிறவர்கள் உண்டு. தூண்களை எண்ணும் பிள்ளைகளும் உண்டு. ஆனால் நம் கண்ணுக்குத் தெரியும் தூண், பாலத்தின் ஒரு பகுதிதான். தண்ணீருக்கும் மணலுக்கும் கீழே, பல இடங்களில் பத்து மாடிக் கட்டடத்தின் உயரத்துக்கு, மறைந்திருக்கும் அடித்தளம்தான் ரயிலையும் நம்மையும் தாங்குகிறது.

அந்த அடித்தளம் எவ்வளவு ஆழம் போகவேண்டும் என்பதை யார் முடிவு செய்கிறார்கள்? எதை வைத்து முடிவு செய்கிறார்கள்? பொறியியல் கல்லூரியில் சிவில் பிரிவில் சேர்ந்திருக்கும் நம் பிள்ளைகளுக்கும், அந்தப் படிப்பில் என்ன இருக்கிறது என்று கேட்கும் பெற்றோருக்கும் பயன்படும் வகையில் இதைப் படிப்படியாகப் பார்ப்போம்.

ஆற்றுமண் ஏன் தனி?

வீடு கட்டும் மனையில் இன்று இருக்கும் மண் நாளையும் அங்கேயே இருக்கும். ஆற்றுப் படுகை அப்படியல்ல. கோடையில் நாம் நடந்து போகும் மணல்திட்டு, வெள்ளம் வரும்போது நீரோடு நீராக ஓடிவிடும். வெள்ளம் வடியும்போது வேறு மணல் வந்து அதே குழியை நிரப்பிவிடும். மேலே பார்ப்பவருக்கு ஒன்றும் நடக்காததுபோல் தோன்றும். தூணைச் சுற்றி நீர் சுழலும் இடத்தில் இந்தக் குழி இன்னும் ஆழமாக விழும். இதை 'அரிப்பு' என்கிறோம். பொறியாளர்கள் 'ஸ்கவர்' என்பார்கள்.

ஆகவே பாலப் பொறியாளர் இரண்டு கேள்விகளுக்கு விடை தேடுகிறார். ஒன்று, பெருவெள்ளத்தில் எவ்வளவு ஆழம் வரை மண் அரித்துப் போகும்? இரண்டு, அதற்கும் கீழே எஞ்சி நிற்கும் மண் எவ்வளவு பாரம் தாங்கும்? அரித்துப் போகக்கூடிய மண்ணைக் கணக்கிலேயே சேர்க்கக் கூடாது. இந்த இரண்டு கேள்விகளுக்கும் மண்ணைத் தொட்டுப் பார்க்காமல் விடை கிடையாது.

துளையிடுதல்

முதல் வேலை, ஒவ்வொரு தூணும் வரப்போகும் இடத்தில் துளையிட்டுப் பார்ப்பது. பத்துத் தூண்களுக்கு இரண்டு துளை போதும் என்று நினைப்பது ஆபத்து. ஆறு பல முறை தடம் மாறிய இடத்தில் 30 மீட்டர் தள்ளிப் போனால் மண் முற்றிலும் வேறாக இருக்கலாம்.

கோடையில் நீர் வற்றிய இடங்களில் மணல் மேலேயே முக்காலியை நிறுத்தித் துளையிடுவார்கள். நீர் ஓடும் இடத்தில் மிதவை கட்டி, நங்கூரம் பாய்ச்சி, அதன் மேல் கருவியை ஏற்றுவார்கள். ஹூக்ளி போன்ற கடல் ஓதம் ஏறி இறங்கும் ஆறுகளில் மிதவையே மேலும் கீழும் போவதால், துளையின் ஆழத்தை மிதவைத் தளத்திலிருந்து அளந்தால் தவறாகிவிடும். கரையில் நிலையான ஒரு மட்டத்தை வைத்து ஒவ்வொரு அளவையும் திருத்திக்கொள்ள வேண்டும்.

வைகையிலோ பாலாற்றிலோ ஊற்றுத் தோண்டியவர்களுக்கு ஒன்று தெரியும். நீர் ஊறும் மட்டத்துக்குக் கீழே தோண்டத் தோண்ட, பக்கத்து மணல் சரிந்து குழியை மூடிக்கொண்டே இருக்கும். துளையிடும்போதும் அதே தொல்லைதான். அதனால் இரும்புக் குழாயை உறையாக இறக்குவார்கள், அல்லது பென்டோனைட் என்ற களிக் கரைசலைத் துளையில் நிரப்பிச் சுவர் சரியாமல் பார்த்துக்கொள்வார்கள்.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். துளைக்குள் நீர்மட்டம் வெளியே உள்ள நீர்மட்டத்தைவிடத் தாழ்ந்தால், அடியிலிருந்து மணல் கொப்பளித்து உள்ளே ஏறிவிடும். கெட்டியாக இருந்த மணல் அப்போது தளர்ந்துபோகும். அந்த மணலைச் சோதித்தால் கிடைப்பது ஆற்றின் உண்மை அல்ல, நாம் கெடுத்து வைத்ததன் அளவு. எனவே துளையில் எப்போதும் வெளிமட்டத்துக்கு மேலாகவே நீர் நிரப்பி வைத்திருக்க வேண்டும்.

சுத்தியல் சொல்லும் செய்தி

துளையின் ஒவ்வொரு ஒன்றரை மீட்டரிலும், அல்லது மண் மாறும் இடத்திலும், ஒரு எளிய சோதனை செய்வார்கள். 'ஸ்டாண்டர்ட் பெனிட்ரேஷன் டெஸ்ட்' என்று பெயர். உலகம் முழுவதும் ஏறத்தாழ ஒரே அளவுகளில் நடப்பது.

சுமார் 5 செ.மீ. வெளிவிட்டமுள்ள, நெடுக்கில் இரண்டாகப் பிளந்து திறக்கக்கூடிய ஒரு குழாயைத் துளையின் அடியில் நிறுத்துவார்கள். 63.5 கிலோ எடையுள்ள சுத்தியலை 75 செ.மீ. உயரத்திலிருந்து திரும்பத் திரும்ப விழச் செய்வார்கள். முதல் 15 செ.மீ. இறங்குவதற்கான அடிகளைக் கணக்கில் சேர்ப்பதில்லை. துளையிட்டபோது கலைந்த மண் அது. அடுத்த 30 செ.மீ. இறங்க எத்தனை அடி தேவைப்பட்டது என்பதே 'என்' மதிப்பு.

மணலில் இந்த எண் 4க்குக் குறைவானால் மிகத் தளர்ந்த மணல். 4 முதல் 10 வரை தளர்வு. 10 முதல் 30 வரை நடுத்தரம். 30 முதல் 50 வரை கெட்டி. 50க்கு மேல் மிகக் கெட்டி. களிமண்ணில் அளவுகோல் வேறு: 2க்குக் குறைவானால் விரலால் அழுத்தினாலே பிதுங்கும், 30க்கு மேல் நகத்தால் கீறுவதே கடினம்.

வந்த எண்ணை அப்படியே எடுத்துக்கொள்வதும் கூடாது. நீரில் ஊறிய நுண்மணலில் சுத்தியல் அடிக்கும்போது, துகள்களின் இடையிலுள்ள நீர் உடனே வெளியேற முடியாமல் எதிர்த்துத் தள்ளும். இதனால் மணல் இருப்பதைவிடக் கெட்டியாகத் தோன்றும். ஆகவே எண் 15க்கு மேல் போனால், அதிகமான பகுதியில் பாதியை மட்டுமே சேர்ப்பது வழக்கம். 25 அடி என்று வந்தால், 15க்கு மேல் உள்ள 10இல் பாதி 5. ஆக 20 என்றே கொள்ள வேண்டும்.

இந்தச் சோதனையின் பலவீனமும் அதன் எளிமையில்தான் இருக்கிறது. கயிறு தளர்ந்து சுத்தியல் முழு உயரம் ஏறாவிட்டாலோ, மாலையில் களைத்த ஆள் அடிகளைக் குத்துமதிப்பாக எழுதினாலோ, அந்த எண் கணக்கில் ஏறி, வரைபடத்தில் ஏறி, கடைசியில் கான்கிரீட்டாக நிற்கும். பக்கத்தில் நின்று எண்ணுகிற ஒரு பொறுப்பான மனிதர் எந்தக் கம்ப்யூட்டரைவிடவும் முக்கியம்.

பாறையா, உருண்டைக் கல்லா?

துளைக்கருவி கடினமான ஒன்றில் முட்டியதும் 'பாறை வந்துவிட்டது' என்று நிறுத்திவிடக் கூடாது. இமயமலையடி ஆறுகளில் லாரி அளவு உருண்டைக் கற்கள் மணலுக்குள் புதைந்து கிடக்கின்றன. அதன் மேல் தூணை நிறுத்தினால், அடுத்த வெள்ளத்தில் கல்லும் நகரும், தூணும் நகரும். அதனால் வைரமுனைத் துளைப்பானால் பாறைக்குள் மேலும் சில மீட்டர் துளைத்து, உருளை வடிவில் துண்டுகளை எடுத்துப் பெட்டியில் வரிசையாக அடுக்குவார்கள். 10 செ.மீ.க்கு மேல் நீளமுள்ள துண்டுகளின் மொத்த நீளம், துளைத்த நீளத்தில் எத்தனை சதவீதம் என்று பார்ப்பார்கள். 150 செ.மீ. துளைத்ததில் நல்ல துண்டுகள் 90 செ.மீ. என்றால் 60 சதவீதம். எண் குறையக் குறைய, பாறை வெடிப்பும் சிதைவும் உள்ளது என்று பொருள்.

பரிசோதனைச் சாலையில்

துளையிலிருந்து எடுத்த மண் மெழுகு பூசி, ஈரம் போகாமல் ஆய்வுச் சாலைக்குப் போகிறது. அங்கே நடப்பவற்றில் முக்கியமானவை இவை.

ஒன்று, சல்லடை. 4.75 மி.மீ. கண் முதல் 0.075 மி.மீ. கண் வரை அடுக்கி வைத்த சல்லடைகளில் காய்ந்த மண்ணைச் சலித்து, ஒவ்வொன்றிலும் தங்கியதை நிறுப்பார்கள். 4.75 மி.மீ.க்கு மேல் சரளை; அதிலிருந்து 0.075 வரை மணல்; அதற்கும் கீழே வண்டல்; 0.002 மி.மீ.க்குக் கீழே களி. சராசரித் துகள் விட்டம் இதிலிருந்துதான் கிடைக்கிறது. அரிப்பு ஆழத்தின் கணக்கு இதைப் பொறுத்தது.

இரண்டு, களியின் குணம். எவ்வளவு நீர் சேர்த்தால் மண் கூழாகிறது, எவ்வளவு குறைந்தால் திரிக்க வராமல் உடைகிறது என்று பார்ப்பது. மண்ணைக் கண்ணாடித் தட்டின் மேல் கையால் உருட்டி 3 மி.மீ. தடிமனுள்ள திரியாக்குவார்கள், அந்தத் தடிமனில் நொறுங்கத் தொடங்கும் ஈரமே ஒரு எல்லை. முறுக்கு மாவில் தண்ணீர் போதாவிட்டால் பிழியும்போது அறுந்து விழுமே, அதேதான்.

மூன்று, வழுக்கு வலிமை. மண் பாரத்தால் நொறுங்கிப் பொடியாவதில்லை. ஒரு பகுதி மற்றொன்றின் மேல் வழுக்கித்தான் உடைகிறது. பெட்டியிலோ, நீரழுத்தம் சூழ்ந்த உருளையிலோ வைத்து எந்த விசையில் வழுக்குகிறது என்று அளப்பார்கள். மிக மென்மையான களியை ஆய்வுச் சாலைக்குக் கொண்டுவருவதற்குள் அது கெட்டுவிடும் என்பதால், துளைக்குள்ளேயே நான்கு இறகுள்ள ஒரு கருவியைச் செருகித் திருகிப் பார்ப்பார்கள்.

நான்கு, அமிழ்வு. களிமண் பாரம் ஏறியவுடன் முழுதும் அமிழ்வதில்லை. உள்ளிருக்கும் நீர் மெல்ல மெல்லக் கசிய, ஆண்டுக்கணக்கில் அமிழும். சிறு வட்டத் துண்டு ஒன்றைப் பாரத்தின் கீழ் நாள்கணக்கில் வைத்து, இதை முன்கூட்டிக் கணிக்கிறார்கள். 1925இல் கார்ல் டெர்சாகி வெளியிட்ட நூலில் இதற்கான விளக்கம் வந்த பிறகே மண் இயக்கவியல் ஒரு தனி அறிவியலாக வளர்ந்தது.

ஐந்து, மண்ணிலும் நீரிலும் உள்ள சல்பேட், குளோரைடு உப்புகள். இவை அதிகமானால் கான்கிரீட்டும் கம்பியும் அரிபடும். சிமென்ட்டின் வகையையே மாற்ற வேண்டிவரும்.

ஒரு சிறு கணக்கு

துகள் அளவுக்கும் அரிப்புக்கும் உள்ள தொடர்பை உத்தரப் பிரதேசக் கால்வாய்களில் பணியாற்றிய ஜெரால்டு லேசி 1930இல் வகுத்தார். அவர் வழியில் வந்த முறையையே நம் நாட்டுப் பாலங்களில் கையாள்கிறோம். பிள்ளைகள் தாளும் பென்சிலும் எடுத்துக்கொள்ளலாம்.

முதலில் 'வண்டல் எண்': துகள் விட்டத்தின் (மி.மீ.) வர்க்கமூலத்தை 1.76ஆல் பெருக்க வேண்டும். நுண்மணல் 0.16 மி.மீ. என்றால் வர்க்கமூலம் 0.4, வண்டல் எண் 0.704. பருமணல் 0.64 மி.மீ. என்றால் வர்க்கமூலம் 0.8, வண்டல் எண் 1.408.

அடுத்து, வெள்ளத்தில் ஒரு மீட்டர் அகலத்தில் விநாடிக்கு 20 கனமீட்டர் நீர் பாய்வதாகக் கொள்வோம். 20ஐ 20ஆல் பெருக்கினால் 400. அதை வண்டல் எண்ணால் வகுத்து, முப்படிமூலம் கண்டு, 1.34ஆல் பெருக்கினால் சராசரி அரிப்பு ஆழம். நுண்மணலில் 11.1 மீட்டர் வரும். பருமணலில் 8.8 மீட்டர். தூணருகே சுழலால் இது இரு மடங்காகும்: 22.2 மீட்டர், 17.6 மீட்டர். இவை வெள்ள மட்டத்திலிருந்து அளக்கும் ஆழங்கள். அதற்கும் கீழே பிடிமானத்துக்காக இன்னொரு மூன்றில் ஒரு பங்கு சேர்ப்பது வழக்கம். ஆக அடித்தளம் நுண்மணலில் 29.6 மீட்டரும், பருமணலில் 23.5 மீட்டரும் இறங்க வேண்டும்.

கவனியுங்கள். கண்ணுக்கு இரண்டும் மணல்தான். துகளில் அரை மில்லிமீட்டருக்கும் குறைவான வித்தியாசம், அடித்தளத்தில் ஆறு மீட்டர் ஆகிவிட்டது. யாரோ ஒருவர் சல்லடை போடாமல் பழைய அறிக்கையிலிருந்து எண்ணை எடுத்து எழுதினால், அந்த ஆறு மீட்டர் இல்லாமலே பாலம் எழும்பும். வெயில் காலத்தில் அது நன்றாகவே நிற்கும்.

உறைகிணறும் பால அடித்தளமும்

நம் நாட்டுப் பெரிய ஆற்றுப் பாலங்களில் பல 'கிணறு அடித்தளம்' கொண்டவை. இது நமக்குப் புதிதல்ல. சுடுமண் உறைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, உள்ளே மண்ணைத் தோண்டத் தோண்ட உறை தானாக இறங்கும் உறைகிணறுகள் கீழடி அகழாய்விலும் வெளிவந்திருக்கின்றன. அதே முறைதான் இதுவும். உறைக்குப் பதில் பிரமாண்டமான கான்கிரீட் வளையம். மண்வெட்டிக்குப் பதில் கிரேன் தொங்கவிடும் இரும்புக் கவ்வி. விரும்பிய ஆழம் வந்ததும் அடியை அடைத்து, மேலே தூணை எழுப்புவார்கள்.

கிணறு நேராக இறங்க வேண்டும். 80 மீட்டருக்கு ஒரு மீட்டருக்கு மேல் சாயக்கூடாது, 15 செ.மீ.க்கு மேல் இடம் நகரக்கூடாது என்பது விதி. ஒரு பக்கம் களியும் மறுபக்கம் தளர்ந்த மணலும் இருந்தால் கிணறு மணல் பக்கம் சாயும். இதை முன்பே அறிய உதவுவதும் மண் சோதனைதான்.

ஹௌரா பாலமே இதற்கு நல்ல பாடம். 1943இல் திறக்கப்பட்ட அதன் பெருந்தூண்களில், ஹௌரா கரையில் அடித்தளம் சுமார் 26.5 மீட்டர் ஆழம். கொல்கத்தா கரையில் 31 மீட்டருக்கும் மேல். ஹௌரா பக்கம் சாதாரணமாகத் தோண்டி இறக்கினார்கள். கொல்கத்தா பக்கம் நீரோடு ஓடிவரும் மணலைத் தடுக்க, அழுத்தக் காற்றை உள்ளே செலுத்தி வேலை செய்ய வேண்டியிருந்தது. ஒரே ஆறு, ஒரே பாலம்; கரைக்குக் கரை மண் வேறு.

சோதனை திட்டத்தை மாற்றிய கதை

2022 ஜூனில் திறக்கப்பட்ட வங்கதேசத்தின் பத்மா பாலத்தையும் சொல்ல வேண்டும். கங்கையின் நீர்தான் அங்கே பத்மா என்ற பெயரில் ஓடுகிறது. 6.15 கி.மீ. நீளம். அரிப்பு மிக ஆழமாக விழும் ஆறு என்பதால், 3 மீட்டர் விட்டமுள்ள இரும்புக் குழாய்களை ஏறத்தாழ 120 மீட்டர் ஆழத்துக்கு அடித்து இறக்கினார்கள். வேலை தொடங்கிய பிறகு நடந்த சோதனைகளில், பல தூண்களின் கீழே எதிர்பாராத களிமண் அடுக்குகள் தெரிந்தன. வேலையை நிறுத்தி, 22 தூண்களின் வடிவமைப்பை மாற்றினார்கள். அவற்றில் ஆறுக்குப் பதில் ஏழு குழாய்கள் வந்தன. குழாய்களின் பக்கங்களில் சிமென்ட் குழம்பைச் செலுத்தி மண்ணோடு பிடிப்பையும் கூட்டினார்கள். காலம் நீண்டது, செலவு ஏறியது. ஆனால் உண்மை தெரிந்த பிறகே மேலே கட்டினார்கள்.

பார்க்காமல் விட்டால்

1987 ஏப்ரல் 5 அன்று அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்தின் ஸ்கோஹாரி ஓடைப் பாலம் வெள்ளத்தில் விழுந்து 10 பேர் இறந்தனர். ஆழமில்லாத அடித்தளத்தின் கீழே மண் அரித்துப் போயிருந்தது. 2001 மார்ச் 4 அன்று போர்ச்சுகலின் டோரோ ஆற்றில் ஒரு பாலம் இடிந்து 59 பேர் மாண்டனர். பல ஆண்டுகள் ஆற்றில் மணல் அள்ளியதால் படுகை தாழ்ந்து, தூணின் அடி வெளிப்பட்டிருந்தது. நம் நாட்டிலும் 2018 ஆகஸ்டில் திருச்சியில் கொள்ளிடத்துப் பழைய இரும்புப் பாலத்தின் தூண்களை வெள்ளம் கொண்டுபோனது. 2022 ஆகஸ்ட் 20 அன்று பஞ்சாப்–இமாச்சல எல்லையில் சக்கி ஆற்று ரயில் பாலம் வீழ்ந்தது. இவை இரண்டிலும் அப்போது போக்குவரத்து இல்லாதது நம் நல்ல காலம்.

நில அதிர்ச்சியும் ஒரு காரணம். நீரில் ஊறிய தளர்ந்த மணல் குலுங்கினால் கூழ்போல் ஆகிவிடும். 1934 ஜனவரி 15 அன்று வடபீகாரில் நிலத்திலிருந்து மணலும் நீரும் பீறிட்டது இதனால்தான். 1964 ஜூனில் ஜப்பானின் நீகாட்டா நகரில், அதே ஆண்டு கட்டி முடித்த ஷோவா பாலம் இப்படித்தான் சரிந்தது. ஆகவே வட இந்திய ஆறுகளில் 'என்' மதிப்பு குறைந்த நுண்மணல் அடுக்கைக் கண்டால் அதைத் தாண்டி இறங்குவதே முறை.

நாம் அறிய வேண்டியது

மண் சோதனைக்கு ஆகும் செலவு, பாலத்தின் மொத்தச் செலவில் மிகச் சிறிய பங்கு. ஆனாலும் அவசரம் வரும்போது முதலில் கை வைப்பது அதில்தான். துளை மூடப்பட்டுவிடும், கேட்பார் இல்லை. மற்ற பகுதிகளில் குறை இருந்தால் கண்ணில் படும். இதில் குறை இருந்தால் வெள்ளம்தான் காட்டிக்கொடுக்கும்.

சோதனை ஒரு நாளோடு முடிவதும் அல்ல. கட்டும்போது அளந்த படுகை, மணல் அள்ளுவதால் சில ஆண்டுகளில் தாழ்ந்துவிட்டால், பழைய கணக்கு செல்லாது. ஒவ்வொரு மழைக்காலத்துக்குப் பின்னும் தூணருகே ஆழம் பார்க்க வேண்டும். பாலத்தின் அருகே இரவோடு இரவாக மணல் லாரிகள் போவதைக் கண்டால், அது மணல் திருட்டு மட்டுமல்ல, தூணின் பிடிமானத்தையும் சேர்த்தே ஏற்றிச் செல்கிறார்கள் என்று புரிந்துகொண்டு அதிகாரிகளுக்குத் தெரிவிப்பது குடிமக்கள் கடமை.

சிவில் படிக்கும் பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். வேலைக்குச் சேர்ந்ததும் துளையிடும் இடத்துக்கு அனுப்பினால் முகம் சுளிக்காதீர்கள். வெயிலில் நின்று சுத்தியலின் அடிகளை நீங்களே எண்ணுங்கள். குழாயைத் திறந்து மண்ணை விரலில் தேய்த்துப் பாருங்கள். பார்த்ததை மட்டும் எழுதுங்கள். சந்தேகம் வந்தால் இன்னொரு துளை கேளுங்கள். கேட்பதற்குத் தயங்கினால் அந்தத் தயக்கத்தின் விலையை, உங்களுக்குத் தெரியாத எத்தனையோ பேர் பின்னாளில் கொடுக்க வேண்டியிருக்கும்.